தனி டம்ளர்

பெருநகர் என்ற கிராமத்தில், வீட்டுக் கொல்லையின் காலை வெயிலில் எத்திராஜ் நீல டிரம்மின் மூடியைத் திறக்கிறார். மீன்கழிவும் வெல்லமும் மாதக்கணக்கில் ஊறி, நாற்றம் போய்ப் பழவாடை அடிக்கிறது. நெல்லுக்குத் தெளிக்கிற மீன் அமிலம். அதை வடிகட்டும் பழைய வேட்டியின் மறுமுனையை மகள் அகிலா பிடித்திருக்கிறாள். சென்னையில் பிளேக் கிருமியை ஆராய்கிறவள். ஏதோ அமினோ அமிலம் என்று அவள் போனில் சொன்னதிலிருந்து, "எம் பொண்ணு மீன் அமிலத்துலதான் ஆராய்ச்சி பண்ணிக்கினு கீது" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார் மனுஷன். பிளேக் என்ற சொல் நேற்றுத்தான் அம்மா ஜெயமணியின் காதில் விழுந்தது. இன்று அகிலாவுக்கு மட்டும் தனி டம்ளரில் டீ. பாதி குடித்தது துவைக்கல்மேல் ஆறிக்கொண்டிருக்கிறது.

"அந்தக் கிருமிக்கு இத்த ஊத்தினா இன்னாம்மா ஆவும்?"

"இது வேற அமிலம் நைனா." அகிலா போனில் படத்தைக் காட்டுகிறாள். "இந்தத் தட்டுல அமிலம் கீது, கிருமி மொளச்சிக்கீது. இதுல அமிலம் இல்ல, கிருமியும் இல்ல. அந்த அமிலத்த கிருமிக்குச் சொந்தமா செஞ்சிக்கத் தெரியாது, நம்ம உடம்புலேர்ந்துதான் எடுத்துக்கும்."

இரண்டாவது தட்டில் ஒரு பொட்டுகூட இல்லை. பயிர் வளர்க்கிற மனிதர் அந்த வெறுந்தட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"அப்போ அத்தப் பட்னி போட்ற வேலை."

"ஆமா நைனா."

வேட்டியைக் கீழே வைக்கிறார். குழாயடியில் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறார். துவைக்கல்மேல் இருந்த டம்ளரை எடுத்து, மிச்ச டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, பாத்திரம் தேய்க்கும் ஜெயமணியிடம் நீட்டுகிறார்.

"எல்லாத்தோடயும் போட்டுக் கழுவு."