கழட்டாமலே தெரியும்

"இதை அராவினவன்ர கையில அரத்தைக் குடுத்தவனை முதல்ல உதைக்கவேணும்."

நகுலேஸ்வரன் லொங்குய் நகரில் தன் வீட்டின் நிலக்கீழ் அறையில் துவக்குத் திருத்துபவர். கிறகரி கொண்டுவந்த, குண்டு போடாத கைத்துப்பாக்கியின் விசையை ஒருதரம் அழுத்திப் பார்த்துவிட்டு அதை மேசையில் ஒதுக்கி வைத்தார். கிறகரியின் முகத்தை அவர் பார்க்கவில்லை. யாருடைய முகத்தையும் பார்க்கிற வழக்கம் அவருக்கில்லை.

"விரல் வைக்கேல்லை அண்ணை. மேசையில வைச்ச அதிர்வுக்கே வெடிச்சிட்டுது. பக்கத்தில நிண்ட அல்பேட்டின்ர சப்பாத்தில பட்டது, கால் தப்பினது கடவுள் புண்ணியம்."

சுடும் கழகத்தில் எல்லாரும் கிறகரியே அதை அராவியதாகச் சந்தேகித்தார்கள். அராவியது வேறு ஆள் என்று நாளைக்குள் காட்டாவிட்டால் லைசென்ஸ் போய்விடும்.

"செய்தவன் ஆர்?"

"தொழில்காரர்தான். ஆனா ரசீதுத் துண்டு ஒண்டும் தரேல்லை."

"தொழில்காரனோ? நல்ல கதை. யூரியூப் பார்த்துப் படிச்ச கழுதையா இருக்கும். சுத்தியலைத் தடுத்து வைச்சிருக்கிற கொளுவி எவ்வளவு பிடிக்கவேணுமெண்டு கொம்பனிக்காரன் அளந்துதான் வைச்சவன். அதை அராவி மயிரிழை குறைச்சாலும் யமன் பக்கத்தில வந்து குந்தியிருப்பான்."

பேசிக்கொண்டே, காலையில் முடித்த வேறொரு துவக்கை எடுத்தார். கழட்டியிருந்த மரப்பிடியின் உட்புறத்தில் மோதிர விரலால் குங்குமப் பொட்டு வைத்து, பிள்ளையாரை நினைத்துக்கொண்டு பிடியைப் பூட்டி ஆணியை முடுக்கினார். கைபட்ட எதையும் பொட்டு வைக்காமல் அவர் வெளியே விட்டதில்லை.

"என்ரையையும் ஒருக்காக் கழட்டிப் பாருங்கோவன், அண்ணை."

"இந்தக் குப்பையையோ? முப்பது வருசமா இதுதான் என்ர தொழில். கழட்டாமலே தெரியும் எனக்கு."

"அப்ப அதைக் கடிதமாத் தருவியளோ? கழகத்தில நீங்கள் சொன்னா எடுபடும்."

அந்தச் சொல் நகுலேஸ்வரனுக்கு இனித்தது. பிரெஞ்சில் விறுவிறுவென்று எழுதினார். இது அரைகுறையின் வேலை, செய்தவர் இனி எந்தத் துவக்கையும் தொட அனுமதிக்கக்கூடாது என்று முடித்து, பெரிதாகக் கையெழுத்தும் போட்டார்.

"இந்தாரும். அந்த மடையன்ர மூஞ்சியில கொண்டுபோய் எறியும்."

கிறகரி கடிதத்தை இரண்டு தரம் படித்து, மடித்து, சட்டைப் பையில் பத்திரமாக வைத்தான். பிறகு தன் துப்பாக்கியை அவர் பக்கம் மெல்லத் தள்ளினான்.

"இப்ப பிடியைக் கழட்டுங்கோ அண்ணை, உள்ளுக்கு உங்கட பொட்டு இருக்கு."