ஒரு துண்டு குறையுது

“தராசை வெளியில எடுத்து வைங்கக்கா! இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துருவோம்.”

போடி ஜீப் ஸ்டாண்டில் மீன் விற்கும் மெஹ்ராஜிடம் சோணை போட்ட சத்தத்தில், டீக்கடையில் இருந்த பாதிப் பேர் எழுந்து வந்துவிட்டார்கள். வம்பு என்றால் நம் ஆட்களுக்கு டீ ஆறினாலும் பரவாயில்லை.

“என்னப்பா பிரச்சினை?” என்றார் ஸ்டாண்டுத் தலைவர் திருப்பதி.

“நேத்து என் பொண்டாட்டி சுருளியம்மாள் இங்க வாங்கிட்டு வந்த மீனை மளிகைக் கடைத் தராசுல வச்சேண்ணே. ஒரு துண்டு குறையுது. போன வாரமும் இதே கதைதான்.”

“வெட்டுனா குடலு, செதிலு போகாதா?”

“வெட்டிக் கழுவித்தாண்ணே இவுக நிறுக்கிறதே!”

திருப்பதி டீக்கடையிலிருந்து பிரிக்காத சீனிப் பாக்கெட்டை வாங்கி மெஹ்ராஜின் தராசில் வைத்தார். சரியாக ஒரு கிலோ காட்டியது.

“தராசு சரியா இருக்கு. அப்ப துண்டு எங்கம்மா போச்சு?”

“துண்டு குறைஞ்சது நெசந்தாண்ணே” என்றாள் மெஹ்ராஜ், கொஞ்சமும் அசராமல்.

கூட்டம் வாயைப் பிளந்தது.

“ஏன் குறைஞ்சது?”

“அதைச் சொல்ல மாட்டேன். வாக்குக் குடுத்திருக்கேன்.”

இப்படி ஒரு திமிரா என்று எல்லோருக்கும் பற்றிக்கொண்டு வந்தது. அவள் வீட்டுக்காரர் இப்ராஹிம், கடலோரப் பண்ணையில் கொடுவா மீன் குஞ்சு வாங்கிவந்து ராசிங்காபுரத்துக் குட்டையில் வளர்க்கிறார். ஏலக்காய்த் தோட்டத்து வேலை முடிந்து ஜீப்பில் இறங்கும் பெண்கள்தான் வாடிக்கை. அவர்கள் வயிற்றிலா அடிப்பது?

சோணை திருப்பதியின் பக்கம் திரும்பினான்.

“சுருளியம்மாளுக்கு உடம்புல ரத்தமே இல்ல, மீனு குடுங்கன்னு ஆஸ்பத்திரியில சொன்னாகண்ணே. அதுக்காகத்தான் வாரம் தவறாம வாங்கச் சொல்றேன். ரத்தமில்லாத பொம்பளை மீனுலயா கை வைக்கிறது?”

உண்மையைச் சொல்ல வேண்டும், சோணை கெட்டவன் இல்லை. அவன் கண் கலங்கியதைப் பார்த்ததும் திருப்பதி தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

“நாளையிலருந்து இங்க கடை போடாதம்மா.”

“சரிண்ணே” என்றாள் மெஹ்ராஜ். குட்டையில் இருக்கும் மீனையெல்லாம் இனி எங்கே கொண்டுபோய் விற்பது என்ற கவலை முகத்தில் தெரிந்தது. ஆனாலும் பெட்டியை மூடத் தொடங்கினாள்.

அந்த நேரம் பார்த்துப் போடிமெட்டு ஜீப் வந்து நின்றது. இறங்கிய சுருளியம்மாள் கூட்டத்தையும், நடுவில் நின்ற புருசனையும், மூடிய மீன் பெட்டியையும் பார்த்தாள்.

‘பேசாமல் போ’ என்று மெஹ்ராஜ் கண்ணைக் காட்டினாள்.

சுருளியம்மாள் போகவில்லை.

“கடையை எடுக்காதீகக்கா” என்றவள் சோணையின் பக்கம் திரும்பினாள். “குறைஞ்ச துண்டை நான்தான் தின்னேன். வாங்குற மீனுல ஒரு துண்டை அக்கா இங்கேயே பெட்டிக்குப் பின்னால அடுப்பு வச்சுப் பொரிச்சுக் கையில குடுக்கும். நான் தின்னு முடிச்சாத்தான் பையையே குடுக்கும். பிள்ளைகளை விட்டுட்டுத் தனியாத் திங்கிறேன்னு யார்ட்டயும் சொல்லிராதீகன்னு சத்தியம் வாங்கினதும் நான்தான்.”

சோணைக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

“அடியே, உனக்குன்னுதானே வாங்கச் சொன்னேன்? வீட்டுல வந்து திங்க வேண்டியதுதானே?”

“வீட்டுலயா?” என்றாள் சுருளியம்மாள். “நீங்களும் பிள்ளைகளும் தின்னு எந்திரிச்சதுக்கப்புறம், சட்டியில எனக்குன்னு என்னைக்காவது ஒரு துண்டு கெடந்திருக்கா?”