சூடேறட்டும்

பாட்டுக்குழுவின் அறைக்கு, மின்சாரத்தில் தானே ஒலியை உருவாக்கும் ஒரு குட்டி சிந்தசைசர் அட்டைப்பெட்டியில் வந்தது. குழுத்தலைவர் அதன் சுவிட்சைப் போட்டார். "இன்னைக்குத் தேறலைன்னா திருப்பி அனுப்பிடலாம்," என்று சொல்லிவிட்டு எல்லோரோடும் டீ குடிக்கப் போனார்.

கீபோர்டும் கிதாரும் அது வருவதற்கு முன்பே அதைப் பற்றிப் பேசித் தீர்த்திருந்தன.

"ஒரே நேரத்துல நாலு சுரம்தானாம். அஞ்சாவது விரலைச் சட்டைப் பையில வெச்சுக்கணுமா?" என்றது கீபோர்டு.

"ஆனா பதிவு பண்ணி வெச்ச குரல் இல்லையாம், அசல் குரலாம்ப்பா," என்றது கிதார் ஆசையாக. "எங்கே தம்பி, பாடு."

குட்டி பாடியது. சுருதி நடுங்கி வழுக்கியது.

"நானெல்லாம் சுவிட்சைப் போட்டதுமே பாடுவேன்!" என்று கீபோர்டு சிரித்தது. "இது வந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போட்டுடாதீங்க, திருப்பி அனுப்பத் தேவைப்படும்."

"எனக்கு இவ்வளவுதான் வரும் போல," என்றது குட்டி, கேட்டும் கேட்காத குரலில்.

மூலையில் சாய்ந்திருந்த பறை அதட்டியது. "யாருடா சொன்னா? என்னைத் தீயில காட்டாம அடிச்சுப் பாரு, தொப்புத் தொப்புன்னுதான் கேட்கும். அதுக்காக என்னை வீசிட்டாங்களா? பேசாம இரு. உடம்பு சூடேறட்டும், சுருதி தானா நிக்கும்."

குட்டி பேசாமல் இருந்தது. முதுகு மெல்லச் சூடானது. பிறகு பயந்துகொண்டே நாலு சுரங்களையும் சேர்த்துப் பிடித்தது. இந்த முறை சுருதி வழுக்கவில்லை. கிதாரின் கம்பிகள் தொடாமலே அதிர்ந்தன.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

"நிறுத்தாதே, நிறுத்தாதே," என்றது கீபோர்டு அவசரமாக. "அவங்க உள்ளே வரும்போதே கேட்கட்டும்."