பத்து நாள் வேலை

“அவசரம்னு சொல்லாதவங்க யாரு சார்? பத்து நாள் ஆகும்.”

வீட்டிலிருந்தே புத்தகங்களுக்குப் படம் வரைந்து கொடுப்பவள் அவள். அழைத்தவர் ஒரு பெரியவர். அவருடைய மனைவி முப்பது வருஷமாக நோட்டுகளில் எழுதி வைத்த குழந்தைக் கதைகள் அச்சுக்குத் தயார், அட்டைப் படம்தான் பாக்கி. மனைவி அதைச் சீக்கிரம் பார்த்துவிட வேண்டும் என்றார். ஏன் என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

பத்து நாளுக்கு ஆகும் தொகையைச் சொன்னாள். அவர், சரிம்மா என்றார்.

முன்பெல்லாம் படத்துக்கு இவ்வளவு என்றுதான் வாங்கிக்கொண்டிருந்தாள். ஒருமுறை ஒரு கடைக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துவிட்டு, அரை மணி நேர வேலைக்கு இவ்வளவா என்று பாதியை வெட்டினார். அன்றிலிருந்து நாள் கணக்கு. அதற்குப் பிறகு யாரும் முகம் சுளித்ததில்லை. வீட்டு வாடகையும் நின்றதில்லை.

நான்காம் நாள் சாப்பாடு கொண்டுவந்த அக்கா கணினித் திரையை எட்டிப் பார்த்தாள். மரக்கிளையில் ஒரு யானை உட்கார்ந்திருக்க, கீழே குருவிகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன.

“நல்லாத்தானே இருக்கு? குடுத்துத் தொலையேன்டி. நீ பாக்கிற பார்வையில யானை இளைச்சுடும்.”

“இன்னும் நாள் இருக்குக்கா.”

ஒன்பதாம் நாள் மாலை பெரியவர் அழைத்தார்.

“ஆஸ்பத்திரியில கைவிரிச்சுட்டாங்கம்மா. வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். போட்ட வரைக்கும் காட்டினாப் போதும். அரைகுறையா இருந்தாலும் பரவாயில்ல.”

அவள் திரையைப் பார்த்தாள். போனில் அவர் மூச்சு கேட்டது.

“நாளைக்குக் காலையில முழுசாவே அனுப்பிடறேன் சார்.”

காலை எட்டு மணிக்கு அனுப்பினாள். மதியம்தான் பதில் வந்தது. படம் அழகாக இருக்கிறதாம். மனைவி பார்க்கவில்லை, விடியற்காலையிலேயே போய்விட்டாள். பில் அனுப்பவும் என்று எழுதியிருந்தார்.

புத்தகம் அந்த மாதமே வெளிவந்தது. பெரியவர் இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். படம் வரைந்தவள் மறுபடியும் படத்துக்கு இவ்வளவு என்றே வாங்குகிறாள். பெரியவருக்கு அவள் அனுப்பிய பில்லில் தொகை இல்லை, இரண்டே வரிகள்தான் இருந்தன:

வேலை தொடங்கியது: நீங்கள் முதலில் அழைத்த அன்று.

முடிந்தது: அன்றே மாலை.