படகில் ஒரு கால்

“வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா? இந்தக் கூச்சத்தை வெச்சுக்கிட்டு கவுண்டர்ல உட்கார்ந்து நீ என்னத்தைக் கிழிக்கப் போற?”

நூலகத்தில் உதவியாளராகச் சேர்ந்த அன்று நூலகர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது. அவள் இன்றுவரை பதில் சொல்லவில்லை. ஆனால் ஒருநாள், கிழிந்த அட்டைகளை ஒட்டிக்கொண்டே ஒரு யோசனையை முணுமுணுத்துவிட்டாள். வருடக்கணக்கில் புத்தகத்தைத் திருப்பித் தராதவர்களுக்காக ஒரு நாள். அபராதம் கிடையாது, கேள்வியும் கிடையாது. மேலிடத்துக்கு அது பிடித்துப்போய், எப்படி நடத்துவது என்று சொல்லித்தர ஒரு பயிற்சியாளரையே அனுப்பிவிட்டார்கள்.

“சரி தாயே, உன் யோசனையே நடக்கட்டும்,” என்றார் நூலகர், அந்த நாள் காலையில். “ஆனா அந்த மூணாம் பாகம் இன்னைக்கு வந்தாகணும். வந்தா நீ கவுண்டர்ல. வரலைன்னா நாளையிலேருந்து கீழே கிடங்குல, எலிக்குத் துணையா.”

அவளுக்குப் பேச வராவிட்டால் என்ன? ஊர்ப்பட்ட பேச்சையெல்லாம் கேட்க அந்தக் கவுண்டரை விட்டால் அவளுக்கு வேறு இடம் ஏது?

மூன்றாம் பாகம் அந்த நூலகத்தின் ஆறாத புண். மூன்று பாக நாவல் அது. வேறு எங்கும் கிடைக்காது. இரண்டாம் பாகத்தின் கடைசி வரியில், பால் மாதிரி நிலா காய, கதாநாயகி படகில் ஒரு காலை வைக்கிறாள். மூன்றாம் பாகத்தை எடுத்துப்போன யாரோ திருப்பித் தராததால் பல வருடமாக அப்படியே நிற்கிறாள்.

“ஏம்மா, அந்தப் பொண்ணு படகுல ஏறினாளா, இல்லையா?” என்று ஓய்வுபெற்ற தபால்காரர் தினமும் வந்து கேட்பார். “நினைச்சா எனக்கே முட்டி வலிக்குது. அவளுக்கு எப்படி இருக்கும்?”

பயிற்சியாளர் அம்மாள் வாய் ஓயாதவர். வந்ததும் வராததுமாக, தூணுக்குப் பின்னால் செய்தித்தாளை விரித்துக்கொண்டு பதுங்கியிருந்த நூலகரைப் பிடித்துக்கொண்டார்.

“சார், அங்க என்ன பண்றீங்க?”

“மூணாம் பாகத்தை எவன் கொண்டுவர்றான்னு பார்க்கப் போறேன் மேடம். நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டாதான் எனக்குச் சோறு இறங்கும்.”

“அதைத்தான் செய்யவே கூடாது! கூனிக்குறுகி வருவாங்க சார். எத்தனை தடவை வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிருப்பாங்களோ!”

“ஒத்தைக் கால்ல நிக்கிறாளே ஒருத்தி, அவளைப் பார்த்தா பாவமா இல்லையா உங்களுக்கு?”

“பாவம்தான், கொட்டுற மழையில வேற,” என்ற பயிற்சியாளர் சட்டென்று கையைத் தட்டினார். “சரி, ஒத்திகை! நான்தான் வாசகர். நீங்க வாங்கிக்கணும்.”

பழைய செய்தித்தாள் சுற்றிய ஒரு பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலிலிருந்து வந்தார். முகம் வெளிறியிருந்தது. நெற்றியில் வியர்வைகூட.

“சின்ன வயசுல எடுத்துட்டுப் போனது... முடிச்சதும் தந்துடலாம்னுதான்...” குரல் உடைந்தது.

“அடேயப்பா! என்னமா நடிக்கிறாங்க!” என்று தபால்காரர் வாயைப் பிளந்தார்.

நூலகர் கையை நீட்டினார். “இத்தனை வருஷம் தூங்கிட்டா இருந்தீங்க?”

“தப்பு!”

“சரி, எந்தத் தெரு நீங்க?”

“அதுவும் தப்பு! நீங்க சுவத்தைப் பார்த்து உட்காருங்க சார். சாயங்காலம் வரைக்கும் திரும்பவே கூடாது. நீ வாம்மா.”

அவள் கவுண்டருக்கு வந்தாள். தலையைக் குனிந்தபடி பொட்டலத்தை வாங்கினாள். பிரிக்காமல், திரும்பி வரும் புத்தகங்களுக்காக வைத்திருந்த பெட்டிக்குள் போட்டாள். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பயிற்சியாளர் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இதுதான்,” என்றார் கடைசியில், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. “இப்படித்தான் வாங்கணும்.”

அன்று முழுக்கப் புத்தகங்கள் வந்துகொண்டே இருந்தன. எண்ணெய்க் கறையோடு சமையல் புத்தகம் வந்தது. நாய் கடித்த அட்லஸ் வந்தது. மருத்துவக் குறிப்புப் புத்தகம் ஒன்றை யாரோ சுற்றுச்சுவருக்கு மேலாக வீசிவிட்டே ஓடினார்கள். அவள் ஒவ்வொரு முறையும் தலை குனிந்தாள், வாங்கினாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூன்றாம் பாகம் மட்டும் வரவில்லை.

சாயங்காலம் நூலகர் சுவரிடமிருந்து விடுதலையாகி, பெட்டியைக் குடைந்து பார்த்தார். ஒரு சாவியை அவள் கையில் திணித்தார்.

“கிடங்குச் சாவி. பிடி.”

பயிற்சியாளர் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். காலடியிலேயே கிடந்த செருப்பை வெகுநேரமாகத் தேடினார்.

“அடியில இது என்ன? ஓ, மேடத்தோட ஒத்திகைப் பொட்டலம். மறந்துட்டாங்க பார், ஓடிப்போய்க் குடுத்துட்டு வா,” என்று சொல்லிவிட்டு நூலகர் ஜன்னல்களைச் சாத்தப் போனார்.

அவள் எடுத்த வேகத்தில், பழுத்துப்போன செய்தித்தாள் கையோடு கிழிந்து வந்தது. உள்ளே இருந்த புத்தகத்தின் முதல் பக்கம் விரிந்தது.

‘மறு காலைத் தூக்குவதற்குள், எங்கிருந்தோ வந்து கொட்டத் தொடங்கியது மழை.’

அவள் நிமிர்ந்தாள். வாசலில் பயிற்சியாளர் ஒற்றைக் காலில் செருப்போடு, முகம் வெளிறி நின்றுகொண்டிருந்தார். காலையில் பார்த்த அதே முகம்.

அவள் கிடங்குச் சாவியை நூலகரின் மேஜைமேல் வைத்தாள். புத்தகத்தைப் பெட்டியின் உச்சியில் வைத்தாள். பிறகு, சொல்லிக்கொடுத்தபடியே, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நாள் முழுக்க வாய் ஓயாமல் பேசிய அந்த அம்மாள், ஒரு வார்த்தைகூடப் பேசாமல் படியிறங்கிப் போனார்.