பழைய விடைத்தாள்களுக்குப் பின்னால்

பரிசோதனைக்கூடத்து ஜன்னலில் கணக்கு வாத்தியார் மல்லுக்கு நின்றார்.

“ரிப்போர்ட் மாறிப்போச்சும்மா. என்னோட மூணு மாச சராசரி சர்க்கரை இவ்வளவு குறைய வாய்ப்பே இல்லை!”

“ரெண்டு தடவை பாத்தாச்சு சார். உங்க ரத்தம்தான். சாப்பாட்டுல நல்ல கட்டுப்பாடா இருந்திருக்கீங்க.”

கட்டுப்பாடாவது மண்ணாவது! டாக்டர் எச்சரித்த அன்றே ஒரு டின் பிஸ்கட் வாங்கி, அலமாரியில் பழைய விடைத்தாள்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தவர் அவர். மனைவி வைக்கும் வேகவைத்த காயைச் சமர்த்தாக விழுங்குவார். அவள் குளிக்கப் போனதும் இரண்டு பிஸ்கட்டை அவசரமாக வாயில் போட்டுக்கொள்வார். ஒருநாள்கூடத் தவறியதில்லை.

இந்த ரிப்போர்ட்டை நம்பி டாக்டர் மாத்திரையை நிறுத்திவிட்டால் உயிருக்கே உலை. வேறு வழியில்லாமல் வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் கக்கிவிட்டார்.

அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

“டின்னுல இருந்தது இருபத்துநாலு. நீங்க தின்னது தினம் ரெண்டு. மூணு மாசம் எப்படிங்க வந்துச்சு?”

வாத்தியார் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார்.

“முதல் வாரமே அந்த பிஸ்கட்டைத் தூக்கிப் போட்டுட்டேன். சர்க்கரை இல்லாம ஓட்ஸ்ல சுட்டுச் சுட்டு டின்னை நிரப்பி என் கைதான் ஓஞ்சுபோச்சு. கணக்கு வாத்தியாராம், கணக்கு வாத்தியார்!”