டயர் மேல் இருந்த சாவி

எலக்ட்ரீஷியன் பாக்கியநாதனின் வேன் பின்கதவில் ஒரு கிழட்டுப் பூட்டு தொங்கியது. உள்ளே டிரில்லிங் மெஷின், செம்புக் கம்பி என்று அவருடைய பிழைப்பே இருந்தது.

மதியம் சாப்பிடப் போகுமுன், பூட்டில் தொங்கிப் பார்க்காத குறையாக அதை இழுத்துப் பார்த்தார். பிறகு, சாவி எங்கேயாவது தொலைந்துவிடும் என்று பயந்து, அதைப் பின்டயர் மேல் வைத்துவிட்டுப் போனார். அந்தத் தெருவில் எல்லா வேன்காரர்களும் அங்கேதான் வைப்பார்கள்.

திருடன் வந்தான். கம்பியால் நெம்பினான்.

“போடா! உன்னை மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்” என்றது பூட்டு.

அவன் அலட்டிக்கொள்ளாமல் டயர் மேல் துழாவினான். சாவி பூட்டுக்குள் நுழைந்தது.

“திற அண்ணே, நான்தான்” என்றது சாவி.

“உன்னைத் தெரியும். உன்னைப் பிடிச்சிருக்கிற கையைத் தெரியாது.”

“கை யாருடையதா இருந்தா நமக்கென்ன? நான் திரும்பினா நீ திறக்கணும். அதுதானே முறை?”

“முறையைக் கொண்டுபோய்க் குப்பையில போடு!”

பூட்டு பல்லைக் கடித்துக்கொண்டது. திருடன் முரட்டுத்தனமாகத் திருக, சாவி படக்கென்று முறிந்தது. யாரோ வரும் சத்தம் கேட்டு ஓடிவிட்டான்.

திரும்பி வந்த பாக்கியநாதன் தலையில் அடித்துக்கொண்டார். “துருப்பிடிச்ச சனியனே, சாவியையே தின்னுட்டியே!” பூட்டை அறுத்துச் சாக்கடையோரம் வீசினார். பளபளவென்று புதுப் பூட்டு ஒன்றை வாங்கிவந்து மாட்டினார், நன்றாக இழுத்துப் பார்த்தார், புதுச் சாவியை டயர் மேல் வைத்தார்.

சாக்கடையோரத்திலிருந்து குரல் வந்தது.

“ஏய், புதுசு! இப்பவே பல்லைக் கடிச்சுப் பழகு!”